தியாகமும் விடுப்பும்

செவிலியரைப் புகழ்ந்து பேசாத மேடை நம்மிடையே அரிது. விளக்கேந்திய அன்னை, வெண்புறா, உருகும் மெழுகுதிரி என்று உவமைகள் ஆயத்தமாகவே காத்திருக்கின்றன. பேச்சாளர் அவற்றுள் இரண்டை எடுத்து அடுக்கினால் கைதட்டல் உறுதி. நானும் அவ்வாறு கைதட்டல் பெற்றவன்தான். அப்படிப் பெற்ற ஒரு கைதட்டலுக்காகப் பின்னர் நாணித் தலைகுனிய நேர்ந்தது. அதைச் சொல்லிவிட்டே இக்கட்டுரைக்குள் புகவேண்டும். ஏனெனில், செவிலியரைப் பற்றி நாம் படைத்துள்ள கதைகளை மறுபடியும் எடுத்துப் பார்க்குமாறு என்னைத் தூண்டியது அந்த நாணமே.

கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி என்று மேற்கு நோக்கி வளைந்து செல்லும் சாலையில், கிளாவரைக்கு முன்னதாக அமைந்த மலையூர் போளூர். வெள்ளைப்பூண்டும் உருளைக்கிழங்கும் விளையும் அடுக்கடுக்கான சரிவு நிலங்கள் அவ்வூரைச் சூழ்ந்திருக்கின்றன. சில ஆண்டுகளுக்கு முன் அங்கே ஒரு முதியவரின் முதலாண்டு நினைவுநாளுக்குச் சென்றிருந்தேன். அவர் மகள் வளைகுடா நாடொன்றில் செவிலியர். தந்தை இறந்தபோது அவரால் வர இயலவில்லை. ஓராண்டு கழித்து, விடுப்பில் வந்திருந்தார். என்னைப் பேச அழைத்தார்கள். பெற்ற தந்தையின் இறுதி முகத்தையும் துறந்து, முகமறியாத நோயாளிகளுக்காகத் தம்மைக் கரைத்துக்கொண்ட தியாகச் செல்வி என்று அப்பெண்ணைப் போற்றினேன். கூடியிருந்தோர் கண்களைத் துடைத்துக்கொண்டனர்.

கூட்டம் கலைந்தபின் அப்பெண் என்னிடம் வந்து, தயங்கித் தயங்கிச் சொன்னார்: "சார், நீங்க பேசினது நல்லாத்தான் இருந்தது. ஆனா, அது தியாகம் இல்லைங்க சார். எனக்கு லீவு கிடைக்கலை. கிடைச்சிருந்தா வந்திருப்பேன்."

பிறகு மற்றதையும் சொன்னார். பதினொரு மாதம் முடிந்தால்தான் விடுப்பு என்பது ஒப்பந்தம். தந்தை மயங்கி விழுந்தபோது அவருக்கு ஏழாவது மாதம் நடந்துகொண்டிருந்தது. பிரிவில் ஆள் பற்றாக்குறை. போளூரிலிருந்து கொடைக்கானல் அரசு மருத்துவமனை, அங்கிருந்து மலைச்சாலை வழியே வத்தலக்குண்டு, அதன்பின் மதுரை என்று முதியவரைக் கொண்டு சென்றிருக்கிறார்கள். வழியில் எடுக்கப்பட்ட இதயத்துடிப்பு வரைபடத்தை யாரோ படம்பிடித்து மகளின் கைப்பேசிக்கு அனுப்பினார்கள். "நம்ம வீட்டிலேயே நர்ஸ் இருக்கே, அதுகிட்டக் கேளுங்க" என்பதுதானே எந்தக் குடும்பத்திலும் வழக்கம்! வேறொருவரின் தந்தைக்கு மருந்தேற்றிக் கொண்டிருந்த நேரத்தில் அவர் அந்தப் படத்தைத் திறந்து பார்த்தார். பார்த்தவுடன் அவருக்குத் தெரிந்துவிட்டது. வீட்டாரிடம் அவர் சொல்லவில்லை.

இத்தனையும் கேட்டபின், நான் மேடையில் பேசியது புகழுரைதானா என்னும் ஐயம் எனக்கு எழுந்தது. ஒருவரிடமிருந்து ஒன்று பறிக்கப்பட்டிருக்கும்போது, "நீ அதைக் கொடுத்தாய்" என்று பாராட்டுவது பறித்தவர்க்கு எத்துணை வசதியானது! தொலைவில் பணிசெய்யும் செவிலியரின் குடும்ப நெருக்கடியை நம் படைப்புகள் எவ்வாறு காட்டுகின்றன, எதைக் காட்டாது விடுகின்றன என்னும் கேள்வியோடு சில திரைப்படங்களை மறுபடி பார்த்தேன். அதன் விளைவே இக்கட்டுரை.

கணவனே நோயாளியாகும்போது

தமிழ்த் திரையில் செவிலியரின் படிமத்தை நிலைநிறுத்திய படங்களுள் ஒன்று 1961இல் வெளிவந்த 'பாலும் பழமும்'. ஏ. பீம்சிங் இயக்கிய இப்படத்தில் சரோஜாதேவி ஏற்ற சாந்தி என்னும் செவிலி, சிவாஜி கணேசன் ஏற்ற மருத்துவரை மணக்கிறாள். நோயுற்று அவரைப் பிரிகிறாள். அவள் இறந்ததாக நம்பி அவர் மறுமணம் செய்துகொள்கிறார். பின்னர் பார்வையிழந்த அவருக்கே, வேறு பெயரில், செவிலியாக வந்து பணிவிடை செய்கிறாள் சாந்தி.

இப்படத்தின் உருக்கத்தை நான் மறுக்கவில்லை. ஆயினும் கதையின் அமைப்பைக் கூர்ந்து நோக்க வேண்டும். பணியா, குடும்பமா என்ற கேள்வி இங்கு எழுவதேயில்லை. நோயாளியையே கணவனாக்கி, அக்கேள்வி எழும் முன்பே கதை அதைத் தீர்த்துவிடுகிறது. மருத்துவமனை வீட்டுக்குள் வந்துவிடுகிறது. ஊதியம், பணிநேரம், விடுப்பு ஆகியவற்றுக்கு அங்கே இடமில்லை. செவிலியம் என்பது மனைவியின் அன்புக்கு மற்றொரு பெயர் என்றாகிறது. இந்தப் படிமம் தலைமுறை கடந்தும் நம் மேடைப் பேச்சுகளில் வாழ்கிறது. போளூரில் என் நாவில் வந்தமர்ந்ததும் அதுவே எனலாம்.

வாழ்க்கையோ அக்கேள்வியை அவ்வளவு எளிதில் தீர்த்து வைப்பதில்லை. 2018 மே மாதம் கோழிக்கோடு மாவட்டத்தில் நிபா நோய் பரவியது. பேராம்பிரா தாலுகா மருத்துவமனையில் பணியாற்றிய செவிலியர் லினி, தாம் பராமரித்த நோயாளியிடமிருந்து நோய் தொற்றி, மே 21 அன்று உயிர்நீத்தார். அவர் இரு சிறுவர்களின் தாய். பஹ்ரைனில் வேலை செய்துகொண்டிருந்த கணவர் செய்தி கேட்டு ஊர் திரும்பினார். கணவருக்கு லினி எழுதிய சிறு கடிதம் நாடெங்கும் படிக்கப்பட்டது. ஆஷிக் அபு இயக்கிய 'வைரஸ்' (2019) படத்தில் ரீமா கல்லிங்கல் நடித்த பாத்திரம் அவரை நினைந்தே அமைந்தது.

லினிக்கு எழுந்த புகழ்மாலைகளுள் என்னைச் சிந்திக்க வைத்தது ஓர் அரசாணை. அவருடைய கணவருக்குக் கேரள அரசு சுகாதாரத் துறையில் வேலை அளித்தது. அக்குடும்பம் இரு நாடுகளில் பிரிந்து கிடந்ததற்குக் காரணம் பிழைப்பு என்பதை அந்த ஆணை ஓசையின்றி ஒப்புக்கொண்டது. ஆயிரம் கவிதைகள் சொல்லத் தவறியதை ஒரு பணிநியமனம் சொல்லிற்று.

கடனும் கடவுச்சீட்டும்

மகேஷ் நாராயணன் இயக்கிய 'டேக் ஆஃப்' (2017) என்னும் மலையாளப் படம் உண்மை நிகழ்ச்சியொன்றைத் தழுவியது. 2014 ஜூன் மாதம் ஈராக்கின் திக்ரித் நகரம் ஐ.எஸ். படையினர் கையில் வீழ்ந்தபோது, அங்குள்ள மருத்துவமனையில் 46 இந்தியச் செவிலியர் சிக்கிக்கொண்டனர். ஏறத்தாழ அனைவரும் கேரளத்தவர். தூத்துக்குடியைச் சேர்ந்த ஒருவரும் அவர்களுள் இருந்தார். மோசுல் நகருக்குக் கொண்டு செல்லப்பட்ட அவர்கள் பின்னர் விடுவிக்கப்பட்டு, எர்பில் வழியாக ஜூலை 5 அன்று கொச்சி வந்திறங்கினர்.

படத்தின் நாயகி சமீராவாகப் பார்வதி நடித்திருக்கிறார். முதல் திருமணம் முறிந்தவள், ஒரு சிறுவனின் தாய், பிறந்த வீட்டின் கடன்சுமையைத் தாங்குபவள். உடன் பணிபுரியும் ஷஹீதை மணந்து ஈராக் செல்கிறாள். மறுமணத்தை மகனிடம் சொல்லவில்லை. மகனோ எதிர்பாராத வேளையில் அங்கே வந்து சேர்கிறான். அவள் கருவுற்றிருக்கிறாள். போர் மூள்கிறது, கணவன் மோசுல் சென்று காணாமற்போகிறான். குடும்ப நெருக்கடியும் பணிநெருக்கடியும் ஒரே கூரையின்கீழ், ஒரே நாளில் வந்து மோதுகின்றன.

இப்படத்தின் பெருஞ்சிறப்பு, சமீராவை இயக்குநர் விளக்கேந்திய அன்னையாகக் காட்டாததே. அவள் எரிந்து விழுகிறாள், பொய் சொல்கிறாள், கணக்குப் பார்க்கிறாள். அவள் ஏன் அங்கே இருக்கிறாள் என்னும் கேள்விக்குப் படம் தரும் விடை கடன். படிப்புக்கு வாங்கிய கடனும் முகவருக்குக் கொடுத்த பணமும் தீராமல் ஊர் திரும்புவது என்றால் என்ன பொருள் என்பதை, போர்முனையில் நின்று தயங்கிய உண்மைச் செவிலியரும் நன்கறிந்திருந்தனர். இந்தத் தயக்கத்தைத் தியாகம் என்று பெயரிடாமல் தயக்கமாகவே காட்டத் துணிந்ததால், 'டேக் ஆஃப்' நம் மேடைப் பேச்சுகளைவிட நேர்மையான படைப்பாகிறது.

எனினும் ஒரு குறை உண்டு. பிற்பாதியில் படம் தூதர் ஒருவரின் மீட்புச் சாகசமாக மாறிவிடுகிறது. அதுவரை முடிவெடுத்துக் கொண்டிருந்த சமீரா, பிறர் எடுக்கும் முடிவுகளுக்காகக் காத்திருப்பவள் ஆகிறாள். விமானம் ஏறியதும் கதை நிறைவுறுகிறது. ஆனால் விமானத்திலிருந்து கடனும் உடன் இறங்கி வீட்டுக்கு வந்திருக்குமே! அதைத் தொடர்ந்து செல்லப் படத்துக்குப் பொறுமையில்லை. துப்பாக்கியும் பாலைவனமும் இல்லாத நெருக்கடி திரைக்கு உகந்ததன்று என்று கருதினார்கள் போலும்.

வராத தொலைபேசி

அந்தப் பொறுமையை முழுமையாகக் கொண்ட படம் பாயல் கபாடியாவின் 'ஆல் வி இமாஜின் ஆஸ் லைட்' (2024). 30 ஆண்டுகளுக்குப் பின் கான் திரைப்பட விழாவின் முதன்மைப் போட்டியில் இடம்பெற்ற இந்தியப் படம் இது. அவ்விழாவின் இரண்டாம் உயர்விருதான கிராண்ட் பிரி விருதையும் பெற்றது. கனி குஸ்ருதி ஏற்ற பிரபா, மும்பை மருத்துவமனையொன்றில் தலைமைச் செவிலி, கேரளத்துப் பெண். பெற்றோர் முடித்துவைத்த திருமணத்துக்குப் பின் சிறிது காலத்திலேயே கணவன் ஜெர்மனிக்குப் போய்விட்டான். ஓராண்டுக்கும் மேலாகத் தொலைபேசி அழைப்பில்லை. ஒருநாள், அனுப்பியவர் பெயரின்றி ஜெர்மனியிலிருந்து ஒரு மின் அரிசிக்குக்கர் வந்து சேர்கிறது. இரவில் அக்கருவியைப் பிரபா அணைத்துக்கொள்ளும் காட்சி, பார்த்தவர் நெஞ்சைவிட்டு அகலாது.

இங்கே குடும்பத்தில் உயிர்போகும் நிலையில் யாருமில்லை, ஊரிலிருந்து அவசரச் செய்தியும் இல்லை. அழைப்பு வராமையே நெருக்கடி. குடும்பத்துக்கு நேரும் துன்பம் எப்போதும் இரவு இரண்டு மணிக்கு அலறும் தொலைபேசியாக வருவதில்லை என்பதை இப்படம் உணர்த்துகிறது. அது மாதக்கணக்கில் சேரும் மௌனமாகவும் வரலாம்.

இப்படத்தில் மற்றொன்றையும் கவனிக்கவேண்டும். மருத்துவமனைச் சமையற்காரியான பார்வதி, கணவனை இழந்தவள். குடியிருப்பை விட்டு வெளியேற்றப்படும்போது உரிமையைக் காட்ட அவளிடம் ஆவணமில்லை. அவள் கொங்கணக் கரையிலுள்ள தன் ஊருக்குத் திரும்பும்போது, உடன் சென்று உதவுபவர்கள் பிரபாவும் இளஞ்செவிலியான அனுவும். சொந்தக் குடும்பம் தொலைவில் இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் குடும்பமாகிறார்கள். போளூர்ப் பெண்ணும் இத்தகைய ஒன்றைச் சொன்னார். தந்தையின் கடைசி இரவில், உடன் பணிபுரிந்த பிலிப்பைன்ஸ் நாட்டுச் செவிலியர் ஒருவர், "உன் படுக்கைகளை நான் பார்த்துக்கொள்கிறேன், ஒரு மணி நேரம் போய் வா" என்று அனுப்பினாராம். அந்த ஒரு மணி நேரத்தில்தான் கைப்பேசித் திரையில் தந்தையை அவர் கண்டார். மருத்துவமனை தராத விடுப்பை ஒரு தோழி தந்தாள்.

ஆயினும், ஏழாம் மாதத்தில் வந்த இதயத்துடிப்பு வரைபடம் போன்ற ஒரு காட்சியை நான் பார்த்த எந்தப் படத்திலும் காணவில்லை. வீட்டார் அறியாததைத் தொலைவிலிருந்து செவிலியர் அறிந்துவிடுகிறாரே, அந்த அறிவின் வேதனையே அவருக்கு மட்டும் உரியது. பிற புலம்பெயர்ந்தோர்க்கு நம்பிக்கை மிச்சமிருக்கும். செவிலியர்க்கோ அவர் கற்ற கல்வி அதையும் விட்டுவைப்பதில்லை. வருங்காலப் படைப்பாளிகள் எண்ணிப் பார்க்க வேண்டிய இடம் இது.

நைட்டிங்கேலின் சினம்

நாம் ஓயாமல் எடுத்துக்காட்டும் புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் இதுபற்றி என்ன எழுதினார் என்பதை அறிந்தவர் சிலரே. 1851இல் ஜெர்மனியிலுள்ள கைசர்ஸ்வெர்த் நிறுவனத்தில் சில மாதங்கள் பயிற்சி பெறுவதற்கே அவர் வீட்டாரோடு நெடிது போராட வேண்டியிருந்தது. தமக்கை பார்த்தினோப்பி, தங்கையின் பிரிவை எண்ணியே நோயுற்றாள். சகோதரியர் பிரிந்திருப்பதே நல்லது என்று இறுதியில் மருத்துவரே சொல்லவேண்டியதாயிற்று. 1854 அக்டோபரில் 38 பெண்களோடு போர்முனை மருத்துவமனைக்கு அவர் புறப்பட்டது உலகறிந்த வரலாறு. அதற்கு முன்பே எழுதத் தொடங்கிய 'கஸாண்ட்ரா' என்னும் கட்டுரையில், மகளின் நேரத்தைக் குடும்பம் தன் உடைமையாகக் கொள்வதைக் கடுஞ்சினத்தோடு சாடுகிறார். 1860இல் தனிச்சுற்றுக்கு மட்டும் அச்சான அது, பொதுமக்கள் கைக்கு வந்தது அவர் மறைந்தபின், 1928இல்தான்.

இக்கட்டுரை நம் பக்கமும் ஒரு கேள்வியைத் திருப்புகிறது. வெளிநாட்டில் செவிலியராக உள்ள மகளுக்கு வீட்டிலிருந்து செல்லும் 'அவசரம்' எல்லாம் அவசரந்தானா? தம்பியின் வண்டித் தவணை, வீட்டுக்குத் தளம் போடுதல், உறவினரின் சளிக்காய்ச்சல் ஆகிய அனைத்தும் அதே தொலைபேசியில், அதே பதற்றக் குரலில் செல்கின்றன. ஆண்டுக்கு ஒருமுறை கிடைக்கும் முப்பது நாளை ஒரு பூப்பு நீராட்டு விழாவுக்குச் செலவிட வைத்துவிட்டு, தாயின் அறுவைச் சிகிச்சைக்கு அவர் வரவில்லையே என்று குறைகூறும் குடும்பங்களும் நம்மிடையே உண்டு. விடுப்பை மறுப்பது மருத்துவமனை மட்டும் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள நமக்கு உரிமையில்லை.

சட்டமும் ஒரு கதைமாந்தர்

இப்படைப்புகளில் பெரும்பாலும் தோன்றாத பாத்திரம் ஒன்று உண்டு. அது சட்டம். அமெரிக்காவில் 'பயணச் செவிலியர்' என்றே ஒரு பிரிவினர் உள்ளனர். முகமைகள் வழியே பெரும்பாலும் 13 வார ஒப்பந்தத்தில் ஊர் ஊராகச் சென்று பணியாற்றுவோர் அவர்கள். நோயுற்ற பெற்றோரையோ பிள்ளையையோ கவனிக்க 12 வாரம் ஊதியமற்ற விடுப்பு தரும் சட்டம் அங்கே 1993 முதல் இருக்கிறது. ஆனால் ஒரே பணியளிப்பவரிடம் 12 மாதமும், அவ்வாண்டில் 1,250 மணி நேரமும் வேலை பார்த்திருந்தால்தான் அது கிட்டும். முகமை மாறி முகமை செல்பவர்க்கு அந்தக் கதவு திறப்பதில்லை. பிரிட்டனில் 2024 ஏப்ரல் முதல், பணியில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே, சார்ந்திருப்போரைக் கவனிக்க ஆண்டுக்கு ஒரு வாரம் ஊதியமற்ற விடுப்பு உண்டு. லண்டனிலிருந்து போளூருக்கு வந்து செல்வதற்கே அதில் பாதி கரைந்துவிடும்.

வளைகுடா நாடுகளில், பணியளிப்பவரின் இசைவின்றி நாட்டைவிட்டு வெளியேறவே இயலாத நிலை நெடுங்காலம் நிலவியது. கத்தார் 2018இலும் 2020இலும் அவ்விதியைப் பெரும்பாலோர்க்கு நீக்கியது. சவுதி அரேபியா 2021 மார்ச்சில் தளர்த்தியது. நம் நாட்டில், செவிலியரை முகவர்கள் சுரண்டுவதைத் தடுக்க, குடியேற்ற இசைவு தேவைப்படும் நாடுகளுக்கு அரசு நிறுவனங்கள் வழியாகவே ஆளெடுக்க வேண்டும் என்று 2015இல் நடுவணரசு விதித்தது. தமிழகத்தின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் அவற்றுள் ஒன்று. இவை நல்ல மாற்றங்களே. ஆயினும், நாட்டைவிட்டு வெளியேற முடிவதும் வேலையை இழக்காமல் வெளியேற முடிவதும் வேறுவேறு. புறப்படும் முன் ஒப்பந்தத்தில் எத்தனை பெற்றோர், "வீட்டில் சாவு நேர்ந்தால் எத்தனை நாள்?" என்று தேடிப் படிக்கின்றனர்? ஊதியம் எழுதிய வரியோடு நம் வாசிப்பு நின்றுவிடுகிறது.

நான் பெயர் சொல்லாதவர்

மீண்டும் போளூருக்கு வருகிறேன். அந்த மூன்று நாளும் மதுரை மருத்துவமனையின் நடைபாதையில், கைக்குழந்தையோடு பாய் விரித்துக் கிடந்தவர் அச்செவிலியின் அண்ணி. இரத்தத்துக்கு ஆள் தேடியவரும், கையெழுத்திட்டவரும், கடைசி இரவில் கைப்பேசியை முதியவரின் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றவரும் அவரே. நான் மேடையில் தியாகத்தைப் பற்றி அரைமணி நேரம் பேசியபோது, அதே வீட்டின் அடுப்படியில் அவர் காப்பி கலந்துகொண்டிருந்தார். என் பேச்சில் அவர் பெயர் இல்லை. நான் ஆராய்ந்த திரைப்படங்களிலும் அவருக்கு இணையான ஒரு பாத்திரம் கதையின் நடுவே வந்து நிற்கவில்லை. சென்றவரைப் பற்றிப் பாடுகிறோம், நின்றவரை மறந்துவிடுகிறோம்.

"ஊருக்கு வந்ததும் மொதல்ல அண்ணி கால்லதாங்க சார் விழுந்தேன்" என்றார் அப்பெண். நல்ல திறனாய்வு அவருடையதுதான். எவர் எதைச் செய்தார் என்பதை அவர் சரியாக அறிந்திருந்தார்.

பெத்தானியாவின் மார்த்தா, தம்பி இறந்து நான்கு நாளான பின் வந்துசேர்ந்த ஆண்டவரிடம், நீர் இருந்திருந்தால் இது நேர்ந்திராதே என்று முகத்துக்கு நேரே முறையிட்டாள். அதற்காக அவர் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. வராமல் போனவரின் வலியும், வரவில்லையே என்று கேட்பவரின் வலியும் அப்படி வெளிப்படையாகப் பேசப்பட இடம் வேண்டும். தியாகம் என்ற பெரிய சொல்லைக் கொண்டு நாம் அந்தப் பேச்சை மூடிவிடுகிறோம். செவிலியரிடம் "எத்துணைத் தியாகம்!" என்று வியக்கும் முன் "உங்களுக்கு விடுப்பு எப்போது?" என்று கேட்கலாம். வீட்டிலிருப்பவரிடம் "மருத்துவமனையில் யார் உடன் இருந்தது?" என்று கேட்கலாம்.

அடுத்த ஆண்டு நினைவுநாளுக்கும் என்னை அழைத்தார்கள். மகள் வரவில்லை, விடுப்பு முடிந்துவிட்டது. இம்முறை நான் சுருக்கமாகவே பேசினேன். பேசி முடித்தபின் அடுப்படிப் பக்கம் சென்று, அந்த அண்ணியிடம் மதுரையில் கழித்த மூன்று நாளைப் பற்றிக் கேட்டேன். முதலில் கூச்சத்தோடு சிரித்தார். பிறகு அடுப்பைத் தணித்து வைத்துவிட்டு, உட்கார்ந்து சொல்லத் தொடங்கினார்.